ஐந்தாவது ஸ்பீக்கர்

என் கணவருக்கு இரண்டு குரல். ஒன்று வீட்டில் பேசுவது. குழம்பில் உப்பு குறைந்தால்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும்படி அந்தக் குரலில்தான் சொல்வார். இன்னொன்று கடலிலிருந்து ஒயர்லெஸ்ஸில் வருவது. அதில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். வலையில் ஒன்றுமே படாத நாளிலும் பக்கத்துப் படகுக்காரரிடம், "ஸோக்கா கீது மாமு" என்பார். கல்யாணமான புதிதில் கடலுக்குப் போனால் மனிதருக்கு சந்தோஷம் வந்துவிடுகிறது என்று நினைத்து எரிச்சல்பட்டிருக்கிறேன்.

காசிமேட்டிலிருந்து போகும் விசைப்படகில் அவர் டிரைவர். போனால் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். கொஞ்ச தூரத்திலேயே செல்போனுக்கு டவர் போய்விடும். அதற்காகத்தான் திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக் கூடத்து அலமாரியில் ஒரு ஒயர்லெஸ் செட், மாடியில் அதற்கு ஏரியல். படகுகள் ஒன்றோடொன்று பேசுவது எங்களுக்குக் கேட்கும். நாங்கள் பேசினால் அங்கே போய்ச் சேராது. உப்புக்காற்றில் செட்டின் சொந்த ஸ்பீக்கர் செத்துப்போனதும், கொருக்குப்பேட்டையில் ஒலியைப் பெருக்கும் பழைய ஆம்ப் ஒன்றை வாங்கிவந்து அதோடு இணைத்து, கூடத்தில் பெரிய ஸ்பீக்கர் ஒன்றை மாட்டினார்.

அதோடு நிற்கவில்லை. கன்டெய்னர் லாரி சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று அவர் அம்மா, என் அத்தை, தன் அறைக்கு ஒன்று கேட்டார். மாடி அறையில் இருக்கும் நாத்தனார் தனக்கு ஒன்று வேண்டும் என்றாள். மிக்ஸி சத்தத்தைச் சொல்லி சமையலறைக்கு நான் ஒன்று வாங்கிக்கொண்டேன். எல்லாம் சாக்கு. படகு கடலில் இருக்கும்போது வீட்டில் பெண்கள் கண்ணீர் விடக்கூடாது என்பது அத்தையின் சட்டம். கூடத்தில் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் யாராவது ஒருத்தியின் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஆளுக்கொரு ஸ்பீக்கர் இருந்தால் ஆளுக்கொரு கதவும் இருக்கும்.

"நாலோட நிறுத்திக்கோங்க," என்று அவர் அப்போதே சொன்னார். "ஒரே ஆம்பு எத்தினிக்குத்தான் குடுக்கும்? இன்னொன்னு மாட்னா மூச்சு முட்டி நின்னுடும்."

அவர் கடலில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது வெளிச்சம் சட்டென்று மங்கியது. அடுத்து காற்று வந்தது. எதிர்வீட்டு தகர ஷீட் பறந்து தெருவில் விழுந்தது. அன்று காலையில்கூட செட்டில் அவர் குரல் கேட்டிருந்தது. அந்தச் சிரிப்போடுதான் பேசினார். இப்போது சமையலறை ஸ்பீக்கரில் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் பேசின. ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை. அவர் குரல் மட்டும் அதில் இல்லை. கஞ்சி அடுப்பில் கொட்டியது.

கூடத்துக்கு ஓடி ஆம்பின் சத்தத்தைக் கடைசி வரைக்கும் திருகினேன். அத்தை மொட்டைமாடியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வர மாட்டேன் என்றார். கடலும் தெரிய வேண்டும், செட்டும் கேட்க வேண்டும் அவருக்கு.

"அந்தப் பழைய பொட்டி ஸ்பீக்கர இங்க கொண்டாந்து வையிங்கடீ," என்று மேலிருந்து கத்தினார்.

நாத்தனார் பரண்மேல் கிடந்ததை இறக்கி மாடிப்படியில் வைத்தாள். ஒயரின் இன்னொரு முனையை ஆம்பின் பின்னால், ஏற்கெனவே முறுக்கியிருந்த ஒயர்களோடு சேர்த்து முறுக்கினாள். நாலோடு நிறுத்தச் சொல்லி என் கணவர் சொன்னது அவளுக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. இரண்டு நொடி மாடிவரைக்கும் இரைச்சல் கேட்டது. பிறகு 'டக்' என்றது. ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. வீட்டில் ஒரு அறையிலும் சத்தமில்லை.

ஃபேன் ஓடியது, கரண்ட் இருந்தது. கடல்தான் நின்றுபோயிருந்தது. அதுவரை பயம் என்று நான் நினைத்திருந்ததெல்லாம் பயமே இல்லை. அங்கே அவர் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம், இங்கே எங்களுக்குக் கேட்கவில்லை.

"இன்னா ஆச்சி? ஏன் நின்னு பூட்ச்சி?" என்று அத்தை இறங்கி வந்தார்.

பொட்டி ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்பைப் போட்டேன். நாலு வார்த்தை வந்து மறுபடி 'டக்'. ஆம்பைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது. சமையலறை ஒயரைப் பிடுங்கினேன், மாடி அறை ஒயரைப் பிடுங்கினேன். அப்போதும் சத்தம் நிலைக்கவில்லை. மீதி இருந்தது கூடமும் அத்தையின் அறையும்.

"என் ரூம்பு ஒயர தொடாதமே."

"புள்ள வேணுமா, ரூம்பு வேணுமா?" என்று அதட்டிவிட்டேன். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவரிடம் நான் குரலை உயர்த்தியது அன்றுதான். அத்தை என்னைப் பார்த்தார். பிறகு தானே குனிந்து ஒயரைப் பிடித்து இழுத்தார்.

விசிறியால் ஆம்புக்கு வீசிக்கொண்டே காத்திருந்தோம். மறுபடி போட்டபோது அணையாமல் ஓடியது. ஒரே ஸ்பீக்கர். அதன் முன்னால் தரையில் மூன்று பேரும் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்தோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

இரைச்சலுக்கு நடுவில் அவர் குரல் வந்தது. எனக்கு உடனே பிடிபடவில்லை. அது நான் அறிந்த இரண்டு குரலிலும் சேராதது.

"வலை சுத்திகிச்சி மாமு. இன்ஜின் நின்னு பூட்ச்சி. தண்ணி உள்ள வந்துகினு கீது. எனக்கு பயமா கீதுடா. வூட்டுக்குப் போவனா மாட்டனா தெர்ல."

அழுதார். என் கணவர் அழுவதை நான் கேட்டேன்.

பக்கத்துப் படகின் டிரைவர் பேசினார். "கயிறு எட்த்துகினு வந்துகினே கீறேன். தோ, உன் லைட்டு தெரியிது." கொஞ்சம் நிறுத்தி, "மாமு, உன் வூட்ல கேட்டுகினு இருப்பாங்க" என்றார்.

இரைச்சல் மட்டும் வந்தது. அதன் பிறகு அந்தச் சிரிப்புக் குரல் வந்தது. "சொம்மா சொன்னேன். ஒன்னும் இல்ல. ஸோக்கா கீறோம்."

அத்தை தன் சட்டத்தைத் தானே உடைத்தார். வாய்விட்டு அழவில்லை, கண்ணீர் தாடையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது, துடைக்கவுமில்லை. என் மணிக்கட்டைப் பிடித்த பிடி வலித்தது. நாத்தனார் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கயிறு கட்டியாகிவிட்டது, இழுத்துக்கொண்டு வருகிறோம் என்று பக்கத்துப் படகு சொல்லும்வரை அப்படியே இருந்தோம்.

மறுநாள் காலையில் வந்தார். உள்ளங்கையெல்லாம் கயிறு அறுத்த காயம். குளிக்காமல், சாப்பிடாமல், கூடத்திலேயே நின்றார். கண் அலமாரிப் பக்கம் போய்ப் போய் வந்தது.

"நேத்து செட்டு ஓட்ச்சா?" என்று கேட்டார்.

நாத்தனார் தரையைப் பார்த்தாள். அத்தைதான், சோறு போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் பேசினார்.

"எங்க நைனா ஓட்ச்சி. இவளுங்க அஞ்சாவதா ஒன்ன மாட்டி ஆம்ப அவிச்சிட்டாளுங்க. காத்து வந்ததுலேர்ந்து ஒரு வார்த்த கேக்கல எங்களுக்கு. நீ எப்டி வந்த, இன்னா ஆச்சி, சொல்லு."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவருடைய தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

"ஒன்னும் ஆவல. சும்மா காத்து," என்றார். "நான் அப்பவே சொன்னனா இல்லியா, நாலுக்கு மேல மாட்டாதீங்கன்னு?" வீட்டுக் குரல் திரும்ப வந்துவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி நான்கு அறைக்கும் ஒயரைத் திரும்ப இணைத்தார். காயம்பட்ட கையால் டேப்பைக் கிழிக்க முடியவில்லை. நான் கிழித்துக் கிழித்துக் கொடுத்தேன்.