பன்னிரண்டு மணிப் பொட்டலம்

ருக்மணி கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்டது முப்பத்தெட்டாவது வயதில். அதுவரை மலாக்கா ஊரோரத்துக் காஜா பேராங்கில் அவளுக்கு அது தேவைப்படவில்லை. பள்ளிவாசல் பாங்கு, ரொட்டிக்காரன் சைக்கிள் மணி, மத்தியான பஸ் என்று நாள் தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. புருஷன் அப்பாசாமிக்கு இனிப்புநீர் வியாதி இருப்பதைக் கண்டுபிடித்து, தினம் காலையில் ஊசி போட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் வம்பு வந்தது. ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். தவறினால், வியாதி செய்யாத கெடுதலை மருந்தே செய்துவிடும்.

அது வெறும் பேச்சில்லை என்று அப்பாசாமிக்குச் சீக்கிரமே தெரிந்துபோனது. குழாய் பொருத்தும் வேலை அவருக்கு. ஒரு நாள் கிளேபாங்கில் வேலை இழுத்துக்கொண்டு போக, மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டார். திரும்பும் வழியில் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தார். கள்ளு மயக்கம் என்று நினைத்து ஆட்கள் ஒதுங்கிப் போனார்கள். கள்ளுக்கடை வாசலைக்கூட மிதிக்காத மனிதருக்கு, விழுந்த அடியைவிட அந்த அவமானம்தான் வலித்தது. அன்றிலிருந்து ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை என்று வைத்துக்கொண்டார். கல்யாணமோ கருமாதியோ, "நீ போயிட்டு வா ருக்கு" என்பதோடு சரி.

இந்தத் தடவை அப்படிச் சொல்ல முடியவில்லை. ஜொகூர்ப் பக்கம் குளுவாங் தமிழ்ப்பள்ளியில் டீச்சராக இருந்த அவர் தங்கை சந்திரமதிக்கு அந்த ஊரிலேயே கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெற்றவர்கள் சப்பான்காரன் காலத்திலேயே போய்விட்டார்கள். தாரை வார்த்துக் கொடுக்க அண்ணனை விட்டால் வேறு ஆளில்லை. "அண்ணன் வரலேன்னா யாரோ ஒருத்தர் என்னைப் புடிச்சுக் குடுக்கணும்" என்று அவள் எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்பாசாமி ஒரு வாரம் அலைந்தார். வருகிறேன் என்றும் எழுதவில்லை, வரவில்லை என்றும் எழுதவில்லை.

"இன்னும் எத்தினி நாளைக்கு அந்தக் காயிதத்தைத் தடவிக்கிட்டு இருப்பீங்க? டாக்சிக் காடியில ஏறி உக்காருங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்" என்றாள் ருக்மணி.

சுதந்திரத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது என்று பண்டார் ஹிலிர் திடலில் அறிவித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தெருவில் எல்லாரும் மெர்டேக்கா பேசிக்கொண்டிருந்தபோது ருக்மணி கொண்டைக்கடலை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். நாட்டை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், இவரை யார் பார்ப்பது?

அவள் கட்டியது சாதாரணக் கட்டுச்சாதம் இல்லை. கல்யாணப் பெண்ணுக்கென்று தனியே கட்டிய லட்டைத் தவிர, சீனி சேர்ந்த பலகாரம் எதுவும் கிடையாது. உப்புப் போட்டு அவித்த கடலையில் துருவிய தேங்காய், முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, அவித்த முட்டை, வெள்ளரிப் பிஞ்சு, அதிகம் பழுக்காத கொய்யா. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பொட்டலம். வாழையிலை உள்ளே, பழைய பேப்பர் வெளியே, மேலே கரித்துண்டால் ஒரு வட்டமும் இரண்டு முள்ளும். எழுதத் தெரியாதவள், மணியை வரைந்துவைத்தாள். பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி, நான்கு மணி. மயக்கம் வந்தால் உடனே வாயில் போடச் சொல்லி நர்ஸ் சொல்லியிருந்த கற்கண்டை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஜெயில்லகூட இவ்வளவு கணக்காப் போட மாட்டான்" என்றார் அப்பாசாமி.

"ஜெயில்ல பொண்டாட்டி இல்ல" என்றாள்.

டாக்சிக்காரர் உமர் முதல் நாளே எச்சரித்திருந்தார். "அக்கா, அரிசி மட்டும் எடுத்துக்காதீங்க. ஜொகூர்ப் பக்கம் புடிச்சா வம்பு."

காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று அரசாங்கம் போட்டிருந்த சட்டம் அது. மலாக்காவைக் கம்யூனிஸ்டு பயம் நீங்கிய வெள்ளைப் பகுதி என்று அறிவித்து, அந்தக் கட்டுப்பாட்டை எடுத்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டு போய்ப் பழகிவிட்ட மலாக்காக்காரர்களுக்குச் சட்டம் பாதிதான் ஞாபகம் இருந்தது. எல்லையைத் தாண்டி அதிகம் ஓட்டாத உமருக்கும் அந்தப் பாதிதான் தெரியும். ருக்மணி கூடையிலிருந்து அரிசியையும் அவலையும் வெளியே எடுத்து வைத்துவிட்டாள். அவித்த கடலையை யாராவது சோறு என்பார்களா என்று அவள் நினைத்தாள்.

காலை ஆறரைக்கு ஊசி, கையோடு காலைச் சாப்பாடு. ஏழு மணிக்குப் புறப்பாடு. மூவார் ஃபெர்ரிக்குக் காத்திருந்தபோது பத்து மணிப் பொட்டலம் பிரிந்தது. ஆற்றுக் காற்றில் முட்டையைக் கடித்துக்கொண்டு அப்பாசாமி உமரிடம் கதை பேசினார். வெகுநாளைக்குப் பிறகு அவர் சத்தமாகச் சிரித்தார். ருக்மணிக்கு அதைப் பார்க்கவே தெம்பாக இருந்தது.

பத்து பகாட் ஊரைத் தாண்டியதும் ரோட்டில் சோதனைச் சாவடி. காடிகள் வரிசையாக நின்றன. மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. "பொட்டலத்தைப் பிரிக்கட்டுமா?" என்று கேட்டாள். "இத்தனை பேர் பாக்கிற இடத்திலயா? கேட்டைத் தாண்டி நெழல்ல உக்காந்து சாப்பிடலாம்" என்றார் அவர். அந்தப் பாழாய்ப்போன கௌரவத்துக்கு அவளும் தலையாட்டினாள். பிற்பாடு தன்னையே அதிகம் திட்டிக்கொண்டது இதற்காகத்தான்.

வரிசை நகர முக்கால் மணி நேரம் ஆனது. போலீஸ்காரர் கூடையைத் திறந்து பார்த்தார். அரிசி, பருப்பு, பச்சை, வெந்தது என்று எந்த வித்தியாசமும் அங்கே கிடையாது. சாப்பாடு என்றால் சாப்பாடுதான். கூடை அப்படியே சாவடிக்குள் போனது. பேப்பரில் கரியால் வரைந்திருந்த வட்டங்களைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வேறு வந்துவிட்டது. பெண்களைச் சோதிக்கத் தனிக் கொட்டகை இருந்தது. ருக்மணியை அங்கே அனுப்பினார்கள்.

கொட்டகையில் இருந்தவள் ஹலீமா என்ற தமிழ் முஸ்லிம் பெண். முந்தானை முடிச்சைத் தொட்டதுமே அவள் முகம் மாறிவிட்டது. அவிழ்த்தால் கற்கண்டு.

"சீனியை ஒளிச்சு வச்சிருக்கீங்களே அக்கா. இது பெரிய கேசு, தெரியுமா?"

"ஒளிக்கலம்மா. எப்பவும் முடியிற எடம் அதுதான். அவருக்கு ஊசி போட்டிருக்கு, நேரத்துக்குத் திங்கலேன்னா…"

"இங்க வர்ற எல்லாரும் ஒரு கதை வச்சிருக்காங்க."

அதற்குள் வெளியே உமர் கத்தினார். "அக்கா! அண்ணனுக்கு என்னமோ ஆவுது!"

ருக்மணி யோசிக்கவில்லை. ஹலீமாவின் கையில் இருந்த கற்கண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். பின்னால் "நில்லு!" என்று சத்தம் கேட்டது. சுட்டாலும் சுடட்டும் என்றுதான் ஓடினாள். அப்பாசாமி காடிக் கதவில் சாய்ந்து கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. யார் என்று தெரியாதவர் மாதிரி அவளைப் பார்த்தார். ஒரு போலீஸ்காரர் "மாபோக்" என்றார், குடித்திருக்கிறான் என்று. ருக்மணிக்கு உடம்பு பற்றி எரிந்தது. ஆனால் சண்டைக்கு நேரமில்லை. கற்கண்டை உடைத்து அவர் கன்னத்துக்குள் அடக்கி, "சப்புங்க, சப்புங்க" என்று மோவாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுகை தானாக வந்தது.

பத்து நிமிஷத்தில் நடுக்கம் அடங்கியது. "ருக்கு, எங்க இருக்கோம்?" என்றார்.

பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்த ஹலீமா, சார்ஜெண்டிடம் போய் மலாயில் வெகுநேரம் பேசினாள். திரும்பி வரும்போது கையில் பன்னிரண்டு மணிப் பொட்டலம் இருந்தது.

"கேசு இல்லக்கா. இதை இங்கயே உக்காந்து சாப்பிடச் சொல்லுங்க. வயித்துக்குள்ள போறதுக்குத் தடை இல்ல. ஆனா கேட்டைத் தாண்டி ஒரு பருக்கை போவக்கூடாது" என்று மிச்சக் கற்கண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

இத்தனை பேர் பார்க்க, ரோட்டோரத்தில் உட்கார்ந்து அப்பாசாமி ஒரு கடலை விடாமல் சாப்பிட்டார். கௌரவம் பற்றிப் பேச்சே இல்லை.

"வழியில மறுபடி வந்தா? அந்தக் கற்கண்டையாச்சும் குடும்மா தங்கச்சி" என்று கெஞ்சினாள் ருக்மணி.

"நீங்க வச்சிருக்கக் கூடாது" என்றாள் ஹலீமா. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "புடிச்ச சாமானை நான் வச்சிருக்கலாம். ஒண்ணரை மணியோட எனக்கு வேலை முடியுது. என் வீடு ஆயர் ஈத்தாம். அங்க கோப்பிக்கடை இருக்கு, உக்காந்து சாப்பிடலாம். அதுவரைக்கும் நான் கூட வரேன்."

அப்படியே வந்தாள். முன் ஸீட்டில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்து, கற்கண்டு இருந்த கையை மடியில் மூடி வைத்துக்கொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பி அப்பாசாமி முகத்தைப் பார்த்தாள். ஆயர் ஈத்தாம் கோப்பிக்கடையில் அரைவேக்காட்டு முட்டையும் ரொட்டியும் அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் இறங்கிப் போனாள். சட்டத்தையும் மீறவில்லை, அவர்களையும் கைவிடவில்லை. அவள் போன திசையைப் பார்த்து ருக்மணி ரோட்டிலேயே கும்பிட்டாள்.

குளுவாங்கில் டாக்சி நின்றதும் சந்திரமதி ஓடி வந்தாள். ருக்மணி காலிக் கூடையைப் பின்னால் மறைத்தாள். கல்யாணப் பெண்ணுக்கென்று கொண்டுவந்த லட்டையும் சாவடியில் விட்டாகிவிட்டது.

"வெறுங்கையோட வந்துட்டேன்மா. எல்லாத்தையும் புடுங்கிட்டாங்க" என்றாள்.

சந்திரமதி கூடையைப் பார்க்கவில்லை. மறுபக்கக் கதவைத் திறந்து, யார் கையும் பிடிக்காமல், தானே இறங்கி நின்ற அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொண்டு வர வேண்டியதைக் கொண்டு வந்துட்டீங்களே அண்ணி" என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ருக்மணியும் அழுதாள். ஆனால் சீக்கிரம் முடித்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்து, மூக்கை உறிஞ்சி, நாத்தனாரின் தோளைப் பிடித்து விலக்கினாள்.

"சரி சரி, போதும். மொதல்ல உங்க அண்ணனுக்கு ஒரு தட்டு போடு."