ராணியின் அடியில் கீறிய பெயர்

மயிலாப்பூரில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் கோதண்டபாணி. இருபது வருஷமாகப் பீங்கான் ஜாடியும் கோப்பையும் செய்தவர். எல்லாவற்றின் அடியிலும் முதலாளியின் முத்திரைதான் இருக்கும். அந்த வயிற்றெரிச்சலை என்னிடம் எத்தனை தடவை கொட்டியிருப்பார் என்று கணக்கே இல்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷம், சீமைக்குக் கப்பலேற இருந்த ஒரு துரைசானி அவரைத் தேடி வந்து சதுரங்கக் காய்கள் கேட்டாள். அலமாரியில் வைத்து அழகு பார்க்க, முப்பத்திரண்டு பீங்கான் காய்கள். ஒவ்வொன்றின் அடியிலும் செய்தவர் பெயர் இருக்க வேண்டும் என்றாளாம். மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவருக்கு ஆட்டம் தெரியாது. ராயப்பேட்டை நண்பர் குலாம் முகம்மதுவிடம் கேட்டுக் கேட்டு ராஜா, மந்திரி, யானை, குதிரை என்று செய்து முடித்தார். பார்க்க வந்த துரைசானி, தாடி வைத்த மந்திரிகள் இரண்டையும் ஒதுக்கிவிட்டாள். ராஜா பக்கத்தில் ராணியல்லவா நிற்க வேண்டும்? அடுத்த வியாழக்கிழமை கப்பல்.

கோதண்டபாணி போட்டது போட்டபடி குலாமிடம் ஓடினார்.

"சண்டையில பொம்பளைக்கு இன்னா வேலை, பாய்?"

"அவங்க ஆட்டத்துல மந்திரி வேலைய ராணி பாக்குது நைனா. நேரா போவும், குறுக்க போவும், எங்க வேணா போவும்."

குழப்பம் கூடியதுதான் மிச்சம். எல்லாப் பக்கமும் போய்வரும் ராணி எப்படி இருப்பாள்? வீடு திரும்பினால், ரேஷன் க்யூவில் நின்று, விறகும் சுமந்து வந்த மனைவி தேவானை, வாசலில் வீட்டுச் சொந்தக்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். அன்று அவர் வனைந்த இரண்டு ராணிகளும் அவள் முகமாகவே வந்தார்கள், இடுப்பில் செருகிய முந்தானையோடு. பச்சை மண்ணிலேயே பெயரைக் கீறிச் சூளையில் வைத்தார். சுட்டபின் அழிக்க முடியாது.

தேவானைதான் காய்களை வைக்கோலில் சுற்றினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் முப்பது காய்களில் பார்த்துப் பார்த்து, புருஷன் பெயரின் நீளம் கண்ணில் பதிந்திருந்தது. ராணியைத் திருப்பியவள் அலறினாள்.

"ஐயோ, உன் பேரு நீட்டா இருக்குமே, இது குட்டியா கீது! தப்பா எழுதிக்கினியா? இதுக்குத்தானே இத்தினி வருசம் ஏங்கிக்கினு இருந்தே!"

"தப்பு இல்ல."

"அப்ப யாரு பேரு? படி."

நான் அங்கேதான் நின்றிருந்தேன். அவர் ராணியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து 'ஏ', 'இந்தா' தவிர அவளை வேறு எப்படியும் அவர் கூப்பிட்டதில்லை. சொல்லித் தொலையேன் என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஏன் அப்படி எழுதினோம் என்று அவருக்கே விளங்கவில்லை போலிருந்தது.

கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

"தேவானை."

அவள் வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னாய்யா?" என்றாள்.