ஊக்கில் கோத்த தெரு

“…சரி, விரல வெச்சா தொறக்கும்ங்கிறீங்க. மருதாணி வெச்ச விரலு, மீன் கழுவுன விரலு, மல்லாட்ட உரிச்சு மண்ணான விரலு, இதெல்லாம் அதுக்கு அடையாளம் தெரியுமா தம்பி?” என்று கேட்டார் கஸ்தூரி அக்கா.

எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் போன வாரம்தான் விரல் பூட்டு வந்தது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் வாங்கி, ஆள் அனுப்பி மாட்டியும் கொடுத்துவிட்டாள். மாட்ட வந்த பையன் என் விரலைத் திருப்பித் திருப்பி வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “சார், உங்க ரேக ரொம்பத் தேஞ்சிருக்கு” என்றான். டிராக்டர் உதிரிபாகக் கடையில் காலமெல்லாம் நட்டும் போல்ட்டும் தேடியெடுத்துக் கொடுத்த விரல், தேயாமல் என்ன செய்யும்? பூட்டு என் மனைவியைப் பார்த்ததும் பல்லிளிக்கிறது. என்னை மட்டும் வாசலிலேயே நிற்க வைக்கிறது.

அக்கா எங்களுக்கு எதிர்வீடு. மறுநாள் அவரும் மாமாவும் திண்டிவனத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார்கள். மாமாவின் முழங்கால் சரியாகும்வரை அங்கேதான் வாசம். அதைச் சொல்லத்தான் வந்திருந்தார். வந்த இடத்தில் பூட்டைக் கண்டதும் பேச்சு அதன் பின்னால் போய்விட்டது. ஒரு கை முந்தானைக்குள் இருக்க, மறு கையால் கதவைத் தட்டிப் பார்த்தார். கிட்டே வந்தபோது லேசாகக் கருவாட்டு வாசனை அடித்தது. எனக்கு அது சாவியின் வாசனை.

சாவிக்கு ஏது வாசனை என்பீர்கள். எங்கள் தெருச் சாவிகளுக்கு இருந்தது.

நாங்கள் குடிவந்தபோது விழுப்புரத்தின் ஓரத்தில் இந்த நகர் அப்போதுதான் முளைத்திருந்தது. பெயர்ப்பலகை மட்டும் கல்யாண மண்டபத்து அளவு. வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட நிலத்தைத்தான் மனையாக்கியிருந்தார்கள். முதல் மழைக்கு எங்கள் துணி துவைக்கிற கல்லைச் சுற்றி மல்லாட்டைச் செடி கிளம்பிவிட்டது. மனைவி அதைப் பிடுங்க விடவில்லை. “நமக்கு முன்னாடியே குடியிருக்குது, அதப் போயி காலி பண்ணச் சொல்றதா?” என்றாள்.

அவள் கூட்டேரிப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். நான் கடைக்குப் போய்விடுவேன். அந்தப் பக்கத்து வீட்டுக் கண்டக்டர் பஸ்ஸோடு போய்விடுவார், அவர் மனைவி தையல் யூனிட்டுக்கு. இப்படிக் காலையில் தெருவே பூட்டிக்கொள்ளும். பள்ளிவிட்டு முதலில் வருவது பிள்ளைகள்தான். அவர்கள் கையில் சாவியைக் கொடுத்தால் பம்பரத்தோடு பம்பரமாகத் தொலைந்துபோகும். ஆகவே எல்லோர் சாவியும் கஸ்தூரி அக்கா வீட்டுக்குப் போகும். மாமா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தார். அக்கா வீட்டோடு இருந்தார். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் வரிசையாக ஆணி அடித்து, வீட்டுக்கு ஓர் ஆணி என்று ஒதுக்கியிருந்தார். அதே சுவரில்தான் மரக்காணத்திலிருந்து கூடையோடு வரும் மீன்கார அம்மாளிடம் வாங்கிய கருவாட்டுப் பையும் தொங்கும். அதனால்தான் அந்த வாசனை. ஒருநாள் சாவியைக் கொடுக்க மறந்து கடைக்கே கொண்டுபோய்விட்டேன். என் முதலாளி கல்லாப் பக்கம் மூக்கை உறிஞ்சி, “இன்னாய்யா, எலி செத்துக் கெடக்குதா?” என்று கேட்டார். என் சட்டைப்பை என்று நான் சொல்லவில்லை. கூடச் சேர்ந்து எலியைத் தேடினேன்.

ஒருமுறை அக்காவிடம், “எல்லா வீட்டுச் சாவியும் உங்ககிட்ட இருக்குதே, திருடன் வந்தா உங்க வீட்டுக்கு வந்தாப் போதுமே” என்றேன்.

“பூட்டு திருடனுக்கா போடறோம்? மாட்டுக்குத் தம்பி. தொறந்து கெடந்தா உள்ள வந்து காலண்டரத் தின்னுட்டுப் போவுது. திருடன் வந்தா நம்ம வூட்டப் பாத்துட்டு அவனே எதனா வெச்சிட்டுத்தான் போவான்” என்றார்.

மூலைக்கடைக்குப் போனால்கூட அக்கா சாவிகளை ஆணியில் விட்டுவிட்டுப் போகமாட்டார். எல்லாவற்றையும் ஒரு பெரிய ஊக்கில் கோத்து இடுப்பில் செருகிக்கொள்வார். நடந்தால் சலசலவென்று சத்தம் கேட்கும். தெருவே நடந்து வருவதுபோல் இருக்கும்.

அந்தப் பழக்கம்தான் ஒருநாள் எங்களை நடுத்தெருவில் நிறுத்தியது.

சாயங்காலம் நான் வந்தபோது பிள்ளைகள் யூனிஃபார்மோடு மணல்மேட்டில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா வீட்டில் பூட்டு. பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த வீட்டு மேஸ்திரிதான் விவரம் சொன்னார். திண்டிவனத்தில் இருக்கும் மகளுக்குத் தேதிக்கு முன்பே வலி எடுத்துவிட்டதாம், ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் அக்கா கட்டிய புடவையோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாராம். தலைப்பிரசவம். தன்னால் வளைகாப்புக்கே ஒழுங்காகச் செய்ய முடியவில்லை, பிரசவத்துக்காவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

சாவி? அது அக்காவின் இடுப்பில் போய்க்கொண்டிருந்தது.

கண்டக்டர் தம் கைபேசியிலிருந்து, மகள் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்திருந்த கைபேசிக்குப் போட்டு அவரைப் பிடித்தார். அப்போது அது செங்கல் கனத்தில் இருக்கும், பேசினால் தெருவுக்கே கேட்கும்.

“ஐயோ! ஆமா தம்பி, இடுப்புல இருக்குது! கூட்டேரிப்பட்டு வரப்போவுது, நான் எறங்கி எதிர் பஸ்ஸப் புடிச்சு வந்துட்றேன். புள்ளைங்க பசியா இருக்குமே!”

“பொண்ணு எப்பிடிக்கா இருக்குது?”

“உள்ள கூட்டிக்கினு பூட்டாங்களாம். அம்மா வந்துட்டாளா, அம்மா வந்துட்டாளான்னு கேட்டுக்கினே இருக்குதாம். பரவால்ல, குடுத்துட்டு அடுத்த பஸ்ஸுல…”

ஒரு பிள்ளைக்கு மறுநாள் பரீட்சை, புத்தகம் உள்ளே. எனக்கு இருந்த அவசரம் வேறு. அதை இங்கே எழுத முடியாது. கண்டக்டர் யாரையும் கேட்கவில்லை. டிக்கெட் கொடுக்கிற குரலை எடுத்தார்.

“யக்கா, இது பாயிண்ட் டு பாயிண்ட்டு. நடுவுல ஸ்டாப்பிங் கெடையாது. திண்டிவனத்துலதான் எறங்கணும். ரைட் ரைட்!”

அழைப்பை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்து, “இன்னா, சரிதான?” என்றார். பிள்ளைகள்தான் முதலில் கத்தினார்கள், “ரைட் ரைட்!” என்று.

அப்புறம் நடந்ததை விருந்து என்றுதான் சொல்ல வேண்டும். என் அவசரத்துக்கு மிச்சமிருந்த மல்லாட்டைக் காடு உதவியது. கண்டக்டர் தம் ஊரான அனந்தபுரத்துப் பக்கமிருந்து கொண்டுவந்த பச்சை மல்லாட்டை ஒரு பை இருந்தது. என் மனைவி அன்றைக்கென்று பார்த்து ஒரு புதுக் குண்டான் வாங்கி வந்திருந்தாள். மேஸ்திரி செங்கல் அடுக்கி அடுப்பு மூட்டினார். மூலைக்கடை உப்பு. புதுக் குண்டானில் முதலில் பால் பொங்கவேண்டும் என்று நினைத்திருந்த மனைவி அரை மனதாகத்தான் கொடுத்தாள். வெந்த மல்லாட்டையின் வாசனை கிளம்பியதும் அவள்தான் மூடியை முதலில் திறந்து பார்த்தாள். அதுவரை கையசைப்போடு நிறுத்திக்கொண்டவர்களெல்லாம் அன்றைக்கு ஒரே மணல்மேட்டில் உட்கார்ந்து தோலை உரித்தோம். நடுநடுவே கைபேசியைப் பார்ப்போம். அது பேசாமல் கிடக்கும்.

விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து மாமா வந்தார். வேலை முடிந்ததும் அப்படியே ரயிலேறித் திண்டிவனம் போய், அடுத்த ரயிலில் திரும்பியிருந்தார். தூரத்திலேயே ஊக்கைத் தூக்கி ஆட்டினார், சலசலவென்று.

“பொண்ணு! பேத்தி! ரெண்டு பேரும் சொகம்!”

கண்டக்டர் மாமாவைத் தூக்கிச் சுற்றியதில் சாவிக்கொத்து மணலில் விழுந்தது. அப்போதுதான் தெரிந்தது, எது எந்த வீட்டுச் சாவி என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கதவைக் கண்டக்டரும் அவர் கதவை நானும் குடைந்தோம். கடைசியில் கண்டக்டரின் கைபேசியை வாங்கி நான் மறுபடியும் போன் போட்டேன்.

“மெதுவாப் பேசுங்க, கொழந்த தூங்குது,” அக்காவின் குரல் கிசுகிசுத்தது. “கழுத்து நெளிஞ்சது டீச்சர் வூடு. பல்லு ஒடஞ்சது கண்டக்டர் வூடு. கண்டக்டர் கதவ லேசா ஒதைக்கணும், அதயும் சொல்லிடுங்க. எனக்கு ஒதைக்கத் தெரியும், அவருக்குத் தெரியாது.”

அடுத்த வாரமே எல்லோரும் மாற்றுச் சாவி செய்துகொண்டோம். அக்காவைக் கட்டிப்போடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. “அப்ப இனிமே யாரும் எங்கூட்டுப் பக்கம் வரமாட்டீங்க” என்றார். அந்தக் கவலை ரொம்ப நாள் நீடிக்கவில்லை. எங்களில் யாருக்கும் சாவியைச் சுமக்கிற பழக்கம் கிடையாதே! ஒவ்வொருவராக அந்த மாற்றுச் சாவியையும் கொண்டுபோய் அவரிடமே கொடுத்தோம். ஆணிக்கு இரண்டு சாவி தொங்கியது.

அதெல்லாம் எப்போது போயிற்று என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சுற்றுச்சுவர் உயர்ந்தது, கேட்டுக்குத் தனிப் பூட்டு வந்தது, சுவரில் கேமரா முளைத்தது. பார்சல் கொண்டுவருகிறவர்கள் வாசலில் போட்டோ எடுத்துவிட்டுப் போகிறார்கள். கண்டக்டர் ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்டார். மல்லாட்டை முளைத்த இடத்தில் பிள்ளைகள் ஷட்டில் ஆடுகிறார்கள், அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பழைய ஆணிகளில் மாமாவின் மாத்திரைப் பையும் குடையும் தொங்குகின்றன.

அக்காவின் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை. “மண்ணான விரல்னா தெரியாதுக்கா. கழுவிட்டுத்தான் வெக்கணும்” என்றேன்.

“அப்ப உங்கூட்டுல ஆணின்னு ஒண்ணு இல்லவே இல்ல?”

“இல்லக்கா. எல்லாம் டைல்ஸு.”

“படிச்ச புள்ளைங்க கட்டுன வூடு!” என்று சலித்துக்கொண்டு முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்தார். அதே பெரிய ஊக்கு. அதில் ஒரே ஒரு சாவி, அவர் வீட்டுடையது. இத்தனை காலத்தில் அக்கா தம் வீட்டுச் சாவியை யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. சுவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னை நகரச் சொல்லிவிட்டு, அந்த விரல் பூட்டின் பளபளக்கும் கைப்பிடியிலேயே ஊக்கை மாட்டி, இழுத்துப் பார்த்து, தெருவைத் தாண்டிப் போனார்.