ஃபார்மட் செய்த கம்ப்யூட்டரில் பதினெட்டு ஜாதகங்கள்

பெஹாலாவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தமிழரே, நீங்கள் என்னிடம் பொய் சொன்னீர்கள்.

இங்கே வங்காளத்திலுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு நான் வரன் பார்த்துத் தருகிறேன். பெண்களின் ஜாதகம், போட்டோ, வீட்டு முகவரி எல்லாம் என் பழைய கம்ப்யூட்டரில் இருந்தன. அவற்றை அழித்துவிட்டுத்தான் எக்ஸ்சேஞ்சில் உங்களிடம் கொடுத்தேன். திரும்ப எடுக்க முடியுமா என்றும் கேட்டேன்.

"ஃபார்மட் பண்ணியாச்சு மாமி. பிரம்மாவே வந்தாலும் எடுக்க முடியாது" என்றீர்கள். நம் ஆள் என்று நம்பினேன்.

மூன்று வாரம் கழித்து சாந்த்ராகாச்சியிலிருந்து ஒரு வங்காளி டீச்சர் போன் செய்தார். அந்தக் கம்ப்யூட்டரை வாங்கியவர். தவறி அழித்த கேள்வித்தாளை மீட்க ஏதோ சாஃப்ட்வேரை ஓட்டியிருக்கிறார்.

"தீதி, என் கொஸ்டின் பேப்பர் வரல, பதினெட்டு பொண்ணுங்க போட்டோ வருது. கட்டம் போட்ட பேப்பர் எல்லாத்துலயும் உங்க நம்பர். கல்யாண ஆபீஸா?" என்று சிரித்தார்.

உடனே அவர் வீட்டுக்குப் போனேன். நல்ல மனுஷி, ஹார்ட் டிஸ்கையே கழற்றிக் கொடுத்தார். அவருக்குப் புதிது வாங்கிப் போட்டேன். வேறு யார் கையிலாவது சிக்கியிருந்தால் அந்தப் பெண்களின் கதி என்ன?

உங்களிடம் வந்து கேட்டேன். "ஃபார்மட்னா அவ்வளவுதான் அழியும் மாமி" என்றீர்கள்.

இப்போது எந்தக் கம்ப்யூட்டரைக் கைமாற்றுவதென்றாலும், டிஸ்க் முழுவதும் வேறு எதையாவது மேலெழுதி அழிக்கும் சாஃப்ட்வேரை நானே ஓட்டுகிறேன். மீட்டுப் பார்த்து, ஒன்றும் வராவிட்டால்தான் கொடுக்கிறேன்.

"முழுமையாக அழித்துத் தருவோம்" என்ற உங்கள் விளம்பரம் இந்தப் பத்திரிகையில் இன்னும் வருகிறது. எனக்கு முன்னால் கொடுத்தவர்களின் கம்ப்யூட்டர்கள் இப்போது யார் வீட்டில் இருக்கின்றன? இதே பத்திரிகையில் பதில் எழுதுங்கள்.