கூழாங்கல் பாதை

பாண்டீஸ்வரிக்கு நின்னாத்தான் சோறு. பழங்காநத்தத்துல ஒரு மெஸ்ஸுல தோசைக்கல்லு முன்னாடி பதினாறு வருசமா நிக்கிறா. புருசன் அழகுபாண்டி கட்டட வேலையில சாரத்துலருந்து விழுந்து, இடுப்பு ஒடிஞ்சு கட்டில்ல கிடக்கான். அவ உட்கார்ந்தா ரெண்டு வயிறும் காயும். பட்ட கால்லயே படும்னு சும்மாவா சொன்னாக? அவளுக்குப் போய் பாழாப்போன சுகர் முந்நூத்தி நாப்பது.

"தினமும் நடங்கம்மா. செருப்பில்லாம மட்டும் நடக்காதீங்க"ன்னாரு டாக்டர். முதல் பாதிதான் அவ காதுல ஏறுச்சு. நம்ம சனத்துக்கு எப்பவும் அம்புட்டுத்தானே ஏறும்!

மெஸ்ஸுல மூணு மணிக்கு மேல அடுப்பு ஓயும். அந்த நேரத்துல பக்கத்துப் பார்க்குக்குப் போனா. ஊஞ்சலு, சறுக்கு, கையால சுத்துற உடற்பயிற்சி மிஷினு எல்லாம் தாண்டி, எட்டு வடிவத்துல ஒரு பாதை, பூராவும் கூழாங்கல்லு பதிச்சது. அங்க தினமும் நடக்கிற பொம்பளைகளுக்குத் தலைவி நாகஜோதி, ரிட்டயர்டு கிளார்க்கு.

"செருப்பைக் கழட்டிட்டு இதுல நடங்க. கல்லு குத்தக் குத்த சுகர் இறங்கிரும். எனக்கு இறங்கலையா?"

சித்திரை மாசம். நாலு மணிக்கும் கல்லு கொதிக்கும். நாகஜோதியே "ஆத்தாடி, சுடுதே!"ன்னு ரெண்டு அடி வச்சதும் புல்லுக்குத் தாவிருச்சு. பாண்டீஸ்வரி மட்டும் அசராம இருபத்தோரு சுத்து நடந்தா. "தோசைக்கல்லுகிட்ட வெந்த உடம்புல்ல!"ன்னு எல்லாரும் கை தட்டுனாக. பதினாறு வருசத்துல தோசை நல்லாருக்குன்னுகூட ஒருத்தரும் அவகிட்டச் சொன்னதில்ல. வெக்கமும் சந்தோசமும் தாங்காம மறுநாள் முப்பது சுத்து நடந்தா. சுகர்ல பாதத்து உணர்ச்சியே செத்துப்போச்சுன்னு அந்தக் கூட்டத்துல ஒருத்தருக்கும் தோணல. நாகஜோதியைத் திட்டவும் மனசு வரல. நல்லதுன்னு நெனச்சுத்தான் சொல்லுச்சு.

பத்தாம் நாளு, மெஸ்ஸுல தரை துடைக்கிற முத்துத்தாய் கேட்டா, "யக்கா, நீங்க நின்ன எடமெல்லாம் ஈரமா இருக்கே, என்னது?"

காலைத் தூக்கிப் பார்த்தா, உள்ளங்காலெல்லாம் கொப்புளம் உடைஞ்சு, கட்டைவிரலுக்குக் கீழ கருத்துக் கிடந்துச்சு. அப்பவாச்சும் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கலாம். லீவு போட்டா வேற ஆளைப் போட்ருவாகன்னு பயந்து, மஞ்சளை அப்பி, துணியைச் சுத்திக்கிட்டு இன்னும் அஞ்சு நாளு நின்னா பாவி மக. காய்ச்சல் வந்து தோசைக்கல்லுகிட்டயே சுருண்டு விழுந்த பெறகுதான் ஆட்டோவுல தூக்கிட்டுப் போனாக.

ஆஸ்பத்திரியில டாக்டர் காலைப் பார்த்துட்டு, "விரலை மட்டும் எடுத்தாப் போதாதும்மா. முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். இல்லைனா உசுரு தங்காது"ன்னாரு.

அவ அழல. கையெடுத்துக் கும்பிட்டா. "சார், நின்னு பொழைக்கிறவ நான். வீட்டுல ஒரு மனுசன் படுத்த படுக்கையா இருக்காரு. மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறாமத் திங்கிறேன். எம்புட்டு ஊசின்னாலும் போடுங்க. வேற வழி ஒண்ணு சொல்லுங்க சார்."

டாக்டர் சீட்டுல எழுதி முடிச்சாரு.

"செவ்வாய்க்கிழமை காலையில ஆபரேசன். முத நாள் ராத்திரிக்கு மேல எதுவும் சாப்பிடாதீங்க."