லேசான சிவப்பு ஒயினும் காரமான ஊரும்

எங்கள் சித்தூர், திருப்பதிப் பக்கம் பிராந்திக் கடைக்கெல்லாம் ‘ஒயின்ஸ்’ என்றுதான் போர்டு; உள்ளே போனால் ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும். அந்த ஊர்க்காரி நான், ஒயினையே தொழிலாக எடுத்துக்கொண்டேன். வாடிக்கையாளர் கேட்காத ஒரு சரக்கை அவர் தலையில் கட்டப் பார்த்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், என் பாடு புரியும்.

முகம் தெரிகிறது

விஜயபுரத்தில் எங்களுக்கு வேர்க்கடலை விவசாயம். ஓட்டல் படிப்புக்காக ஆஸ்திரேலியாவில் உள்ள அடிலெய்டு போன இடத்தில், ஒரு திராட்சைத் தோட்டத்தில் பகுதிநேர வேலை கிடைத்தது. வருகிறவர்களுக்கு ஒயினை ருசி பார்க்க ஊற்றித் தர வேண்டும். அந்தப் பக்கத்துச் சிவப்பு ஒயின் அப்போதெல்லாம் மசி மாதிரி கறுத்து, நாக்கில் கனமாக உட்கார்ந்துகொள்ளும். தோட்டத்துக்காரி ஹெலன் அதை மாற்றத் துணிந்தார். பழத்தில் இனிப்பு ஏறிப்போவதற்கு முன்பே பறித்து, வாசனையாக, லேசாகச் செய்தார். குடித்த பிறகும் சாப்பாடு ருசிக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அதை நான் முதலில் ஊற்றித் தந்தது பழைய வாடிக்கைக்காரர் ஒருவருக்கு. கிளாஸை வெளிச்சத்தில் தூக்கி, அதன் வழியாக என்னைப் பார்த்தார். “உன் முகம் நன்றாகத் தெரிகிறது, பெண்ணே. ஒயினுக்கு அது நல்லதில்லை” என்றார்.

மனைவி வாங்கியது

சங்கடப்பட்டு ஒரே ஒரு பாட்டில் வாங்கிப் போனார். அடுத்த வாரம் அவர் மனைவி தனியாக வந்து ஒரு பெட்டியே கேட்டார். எனக்கு நம்ப முடியவில்லை. உங்கள் வீட்டுக்காரருக்குப் பிடித்துவிட்டதா என்றேன். “அது தெரியாது. வழக்கமாகச் சாப்பிட்டதும் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். அன்றைக்கு என்னோடு பேசிக்கொண்டிருந்தார்” என்றார்.

கலர் சோடா

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, உடம்பு முடியாமல் போகவே ஊர் திரும்பினேன். திருப்பதியில் ஒரு ஓட்டல் ரெஸ்டாரண்டில் ஒயின் பொறுப்பு கிடைத்தது. மேனேஜரைக் கெஞ்சிக் கூத்தாடி ஆஸ்திரேலியாவின் லேசான சிவப்பு ஒயினை வரவழைத்தேன். “தீபாவளிக்குள்ள தீரலன்னா, பெட்டியும் வேணாம், நீயும் வேணாம்” என்று சொல்லிவிட்டார்.

முதலில் மாட்டியவர் சித்தூர் கிரானைட் வியாபாரி. கொஞ்சம் குளிரவைத்துப் பக்குவமாக ஊற்றினேன். நிறத்தைப் பார்த்தார், ஐஸ் கேட்டார், அப்புறம் சோடா கேட்டார். கடைசியில் கிளாஸைத் தள்ளிவைத்துவிட்டு, “ஏம்மா, கலர் சோடான்னு முன்னாடியே சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுலயே குடிச்சிக்கினு வந்திருப்பேனே?” என்றார்.

எரிச்சல் எங்கே?

வேலை போய்விடும் என்று பயந்து நான் போய் நின்றது சமையல்கட்டில். எங்கள் சமையல்காரர் முனிரத்தினம் புத்தூர்க்காரர். அவர் நாட்டுக்கோழிக் குழம்பு கண்ணில் தண்ணீர் வரவைக்கும். அதோடு கனமான சிவப்பு ஒயினைக் குடித்தால் வாய்க்குள் தீ வைத்த மாதிரி இருக்கும். லேசானதைக் குடித்துப் பார்த்தேன். பழ வாசனை காரத்தோடு சண்டை போடாமல் இறங்கியது.

அந்த வாரமே சத்தியவேடு பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண் இன்ஜினியர்கள் நாலைந்து பேர், ஒருத்தியின் பதவி உயர்வைக் கொண்டாட வந்தார்கள். கேட்டது கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழியும். நான் தைரியமாக இந்தப் பாட்டிலைக் கொண்டுபோய் வைத்தேன். சிரிப்பும் பேச்சுமாகச் சாப்பிட்டார்கள். பதவி உயர்வு பெற்றவள் என்னைக் கூப்பிட்டு, “அக்கா, காரம் அப்படியே இருக்குது, எரிச்சல் மட்டும் காணோம். இன்னொண்ணு எடுத்துக்கினு வாங்க!” என்றாள்.

நைனா வந்தார்

பெட்டிகள் தீபாவளிக்கு முன்பே தீர்ந்தன. அந்தச் சமயத்தில்தான், டாக்டரைப் பார்க்க வந்த நைனா சொல்லாமல் ஓட்டலுக்கு வந்து நின்றார். ஊரில் எல்லாரிடமும் நான் பழக் கம்பெனியில் வேலை செய்வதாகச் சொல்லிவைத்திருந்தவர். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதேதான். அவரை உட்காரவைத்து என் வேலையைக் காட்டினேன். கிளாஸை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, ஒரு சொட்டும் குடிக்காமல் கீழே வைத்தார். மேனேஜர் வந்து, “உங்க பொண்ணால எங்க ரெஸ்டாரண்டுக்கே பேரு” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

நைனாவை பஸ் ஏற்றிவிடப் போனபோது, படியில் நின்றபடி சொன்னார்: “பொண்ணு பாக்க வர்றவன்கிட்ட இனிமே ஒயினுன்னே சொல்றேன்மா. பிடிச்சா கட்டிக்கினு போறான், இல்லன்னா போய்க்கினே இருக்கட்டும்.”

மொத்தத்தில், ஒயின்தான் லேசாகியிருக்கிறது. அதை விற்கிற வேலை இன்னும் லேசாகவில்லை.