துறைமுக ஆட்டமும் நான்கு நடுவர்களும்

அப்போது நான் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார். பாடத்தை விளையாட்டாகவே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு வேகம் பிறந்திருந்த காலம். ஆண்டுதோறும் ஆசிரியர்களுக்குள் போட்டி வைப்பார்கள். மேஜைமேல் விரித்து ஆடுகிற மாதிரி ஓர் ஆட்டத்தைச் சொந்தமாக உருவாக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டும் பரிசை டிரில் மாஸ்டர் தட்டிக்கொண்டு போனார். நடுவராக வந்த அதிகாரி அவருக்கு வேண்டியவர் என்பது என் தீர்மானம். ஆதாரம் கிடையாது, வயிற்றெரிச்சல் இருந்தது.

மூன்றாம் ஆண்டு ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, "ஆடப்போறது பிள்ளைங்க. தீர்ப்பையும் அவங்களே சொல்லட்டுமே" என்று முழங்கினேன். தலைமையாசிரியை கைதட்டினார். எனக்குப் பெரிய மனது என்று நினைத்துவிட்டார், பாவம். எட்டாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியர், என் பிள்ளைகள் என்னை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பதுதான் திட்டம். இந்த முறை ஜெயித்தே ஆக வேண்டும். வீட்டு ஷோகேஸில் கேடயத்துக்கு இடம்கூட ஒதுக்கிவிட்டேன்.

என் ஆட்டத்தின் பெயர் துறைமுகம். கப்பல், கிரேன், சுங்கச் சோதனை எல்லாம் உண்டு. விதிகள் மட்டும் பதினோரு பக்கம், டிடிபி சென்டரில் அடித்து லேமினேட் செய்தது. டிரில் மாஸ்டரோ பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் எண்ணூரிலிருந்து பாரிமுனை வரை ரூட் வரைந்து, சோடா மூடிகளை பஸ் என்றார். கன்டெய்னர் லாரி கட்டத்தில் மாட்டினால் இரண்டு சுற்று சும்மா உட்கார வேண்டும். அவ்வளவுதான் விதி. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

போட்டியன்று நான்கு நடுவர்கள், நால்வரும் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். தலைமை நடுவர் காத்திவாக்கத்திலிருந்து வரும் பெண், வகுப்பில் வாயே திறக்காதவள். நான் சூடாகச் சமோசா வரவழைத்திருந்தேன்.

"சாப்ட்டா மார்க்கு போடணுமா சார்?" என்றாள்.

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லம்மா."

"அப்ப சரி" என்று இரண்டு எடுத்துக்கொண்டாள்.

பஸ் ஆட்டம் ஆடி முடித்து என் மேஜைக்கு வந்தார்கள். விதிகளில் நான்காம் பக்கம் போவதற்குள் ஒருவன் கொட்டாவி விட்டான். ஆட்டத்துக்கு ஐந்து பேர் வேண்டும் என்பதால் நானும் உட்கார்ந்தேன். அவள் ஆறு போட்டு, கப்பலைத் துறைமுகத்துக்குள் ஆசையாக நகர்த்தினாள். "சுங்கச் சீட்டு வாங்கலையேம்மா, ஏழாம் பக்கம் பாரு" என்று பின்னுக்கு இழுத்தேன். அடுத்தவன் நகர்த்தினான். ஒன்பதாம் பக்கம் என்றேன். மூன்றாம் முறை அவள் பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"சார், நீங்களும் ஆடுங்க. ஆனா ஒப்புக்குச் சப்பாணி."

தெருவில் ஆடும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வரும் வாண்டுகளைத் துரத்தவும் முடியாது, சரியாகச் சேர்க்கவும் முடியாது. அவர்கள் ஓடலாம், கத்தலாம். ஜெயித்தாலும் தோற்றாலும் செல்லாது. அவர்களுக்குரிய பட்டம் நாற்பது வயதில், பி.எட். முடித்த எனக்குக் கிடைத்தது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் நடுவர் தீர்ப்பே இறுதியானது என்று சுற்றறிக்கை எழுதியவனே நான்தான்.

விதிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர்களே ஆடத் தொடங்கினார்கள்.

"புயலு வந்துகினு கீது, அல்லாரும் ஒரு கட்டம் பின்னாடி போ!"

"கிரேன் ரிப்பேரு, ஒண்ணியும் எறக்க முடியாது!"

என் கப்பல்கள் இரண்டு மூழ்கின. செல்லாத ஆள்தானே என்று நானும் வாய்விட்டுச் சிரித்தேன். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பரிசு எனக்குத்தான் என்ற நம்பிக்கையும் திரும்பிவிட்டது.

மாலையில் முதல் பரிசு டிரில் மாஸ்டருக்கு. இரண்டாவதுகூட எனக்கில்லை. மனசு கேட்காமல் அவளை வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன்.

"நம்ம ஆட்டத்துலதானேம்மா அவ்ளோ சிரிச்சீங்க?"

"ஆமா சார், சூப்பரா இருந்துச்சு. மொத ப்ரைஸே குடுக்கலாம்னுதான் அல்லாரும் சொன்னாங்கோ. ஆனா கடைசில ஆடுனது உங்க ஆட்டம் இல்லியே, நாங்களா பண்ணதாச்சே. ஜட்ஜா குந்திகினு எங்களுக்கே மார்க்கு போட்டுக்கினா, அது போங்காட்டம் இல்லியா சார்?"

எனக்குக் காதெல்லாம் சுட்டது. "கரெக்ட்டும்மா" என்றேன். அதற்குமேல் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.